விசிறி சொல்லும் எண்

அத்திப்பட்டிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் காலையில் துடைத்த திண்ணையில் மாலைக்குள் மீண்டும் சாம்பல் படிந்துவிடும். வட சென்னை, வல்லூர் அனல் மின் நிலையங்களுக்கும், 2001-இல் தொடங்கப்பட்டு இன்று காமராஜர் துறைமுகம் எனப்படும் எண்ணூர்த் துறைமுகத்துக்கும் அருகே வாழ்வோருக்கு இது புதிய செய்தி அல்ல. இதே காற்றைத்தான் இப்பகுதியின் பள்ளிகளிலும் இ-சேவை மையங்களிலும் சுகாதார நிலையங்களிலும் உள்ள கணினிகள் நாள்முழுதும் உறிஞ்சுகின்றன. திண்ணையைத் துடைக்கும் நாம் கணினிப் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை.

அலுவலகங்கள் சிலவற்றில் ஒரு வழக்கத்தைக் கண்டிருக்கிறேன். கணினியை இயக்கியதும், 'சிபியு ஃபேன் எரர்' என்று கறுப்புத் திரையில் ஒரு வரி தோன்றும். தொடர 'எஃப்1' விசையை அழுத்துமாறு கூறும். ஊழியர் அழுத்துவார், வேலை தொடங்கும். எச்சரிக்கை அன்றாடச் சடங்காகிவிட்டது.

அந்த எச்சரிக்கை எங்கிருந்து வருகிறது? விசிறிக்குள் காந்தப்புலத்தை உணரும் சிறு உணரி ஒன்று உண்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் பொதுவாக இரண்டு துடிப்புகள் மூன்றாவது கம்பி வழியே மதர்போர்டுக்குச் செல்லும். நொடிக்கு 40 துடிப்புகள் வந்தால் 20 சுற்றுகள். அதாவது நிமிடத்துக்கு 1,200. திரையில் 'ஆர்பிஎம்' என்று தெரிவது இந்தக் கணக்குதான். நான்காவது கம்பி இருந்தால், அது வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்கானது.

எனவே, பூஜ்யம் காட்டினால் விசிறி நின்றுவிட்டது என்று மட்டுமே பொருளல்ல. மூன்றாவது கம்பி அறுந்திருக்கலாம். இணைப்பு வேறு இடத்தில் செருகப்பட்டிருக்கலாம். இரண்டே கம்பிகள் கொண்ட விசிறியாக இருக்கலாம். கிராபிக்ஸ் அட்டைகள் சில, சூடு குறைவாக இருக்கும்போது விசிறியைத் தாமே நிறுத்திவைக்கும். மெதுவாகச் சுழலும் பெரிய விசிறி 500 சுற்றில் நலமாக ஓடும்போது, எச்சரிக்கை வரம்பு 600 என்றிருந்தால் கணினி வீணாக அலறும். பெட்டியைத் திறந்து கண்ணால் பார்ப்பதே முதல் சோதனை.

இப்பகுதிக்குரிய ஆபத்து இதற்கு நேர்மாறானது. எண் சரியாகவே இருக்கும், எச்சரிக்கையும் வராது. ஏனெனில் அந்த எண் விசிறியின் சுழற்சியைச் சொல்கிறதே தவிர, எவ்வளவு காற்று உள்ளே சென்றது என்பதைச் சொல்வதில்லை. செயலியின் மேலுள்ள உலோகத் தகடுகளின் இடுக்குகளில் தூசி கம்பளிபோல் படிந்துவிட்டால், விசிறி முழுவேகத்தில் சுழன்றும் பயனில்லை. கடற்காற்றின் உப்பு ஈரத்தை இழுப்பதால், இங்கே தூசி இறுகிவிடுகிறது, உலோகமும் அரிக்கிறது. ஆகவே, சுழற்சியையும் வெப்பநிலையையும் சேர்த்தே படிக்க வேண்டும். முன்பு 1,000 சுற்றில் 55 டிகிரி செல்சியஸில் இருந்த கணினி, அதே வேலைக்கு 2,000 சுற்றிலும் 80 டிகிரியைத் தொடுகிறது என்றால் காற்றுவழி அடைபட்டிருக்கிறது, அல்லது செயலிக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள பசை உலர்ந்துவிட்டது.

பெரும்பாலான செயலிகள் 90 முதல் 100 டிகிரியை நெருங்கும்போது தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் கணினி அணைந்துவிடும். வரிசையில் நிற்கும் முதியவரின் விண்ணப்பம் பாதியில் போகும். 'சர்வர் சரியில்லை, நாளை வாருங்கள்' என்பார்கள். சர்வர்மீது சுமத்தப்படும் பழிகளில் ஒரு பங்கு தூசிக்கு உரியது என்பது என் எண்ணம். பிறகு 'கணினி பழசாகிவிட்டது' என்று புதியது கேட்டுக் கோப்பு நகரும். அந்தச் செலவில் ஒரு சிறு பங்கு போதும், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை சுத்தம் செய்ய. பராமரிப்பு ஒப்பந்தங்களில் சென்னைக்கெல்லாம் ஒரே விதி எழுதாமல், நிலக்கரியும் கடலும் சூழ்ந்த இந்தப் பகுதிக்குத் தனி இடைவெளி வகுக்க வேண்டும்.

சுத்தம் செய்வோர் மின்னிணைப்பைத் துண்டித்த பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். ஊதுகருவியால் ஊதும்போது விசிறி இதழ்களை விரலால் பிடித்துக்கொள்வது நல்லது. இல்லையேல் அளவுமீறிச் சுழன்று பேரிங் கெடும். வேலை முடிந்ததும் அன்றைய சுழற்சியையும் வெப்பநிலையையும் ஒரு தாளில் எழுதி, தேதியுடன் பெட்டியின் பக்கத்தில் ஒட்டிவிடலாம். அடுத்த முறை ஒப்பிட அந்த இரண்டு எண்கள் தேவைப்படும்.