ஒளி செய்யும் லென்சு

என் தந்தையார் தறியில் அமரும்போது மாட்டிக்கொள்ளும் வெள்ளெழுத்துக் கண்ணாடியைச் சிறுவயதில் வெயிலில் பிடித்துக் காகிதத்தை எரிக்க முயன்றிருக்கிறேன். காகிதம் எரியவில்லை, முதுகில் அடிதான் விழுந்தது. லென்சு என்றால் கண்ணாடியைத் தேய்த்துச் செய்வது என்றே நம்பியிருந்தேன். ஒளியே தனக்கொரு லென்சைச் செய்துகொள்ளும் என்பதை இவ்வாண்டுதான் அறிந்தேன்.

ஒளிவிலகல் எண் பொருளுக்கும் நிறத்துக்கும் ஏற்ப மாறும். ஒளியின் செறிவால் மாறாது என்று படித்தோம். விளக்கொளிக்கு அது சரியே. 1960இல் மைமன் ரூபி லேசரை ஒளிரச் செய்தபின் நிலைமை மாறியது. மறு ஆண்டே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிராங்கனும் துணைவரும் அச்சிவப்புக் கற்றையைக் குவார்ட்சு படிகத்தில் செலுத்தி, பாதி அலைநீளமுள்ள புற ஊதா ஒளியைப் பெற்றனர். நிழற்படத்தில் அதன் சுவடு மிகச் சிறு புள்ளி. அழுக்கென்று எண்ணி அச்சிடும்போது அதை நீக்கிவிட்டார்களாம்!

இப்பண்புகளை அளக்கும் முறைகளுள் என் மனத்தைக் கவர்ந்தது இசட் ஸ்கேன். ஷேக்-பஹாயி, வான் ஸ்டிரைலண்டு முதலானோர் 1989, 1990 ஆண்டுகளில் வெளியிட்ட முறை இது. லேசர் கற்றையை லென்சால் குவித்து, மெல்லிய மாதிரியைக் குவியத்துக்கு முன்னிருந்து பின்வரை சிறிது சிறிதாக நகர்த்த வேண்டும். தொலைவில் சிறு துளையிட்ட தட்டு. அதன் பின் ஒளியுணர் கருவி. அவ்வளவே!

கற்றையின் நடுவில் செறிவு அதிகம். அங்கே ஒளிவிலகல் எண் கூடினால் மாதிரியே குவிலென்சாகிறது. குவியத்துக்கு முன் அது நின்றால், கற்றை முன்னதாகவே குவிந்து, துளையை அடைவதற்குள் அகன்றுவிடும். துளைவழி வரும் ஒளி குறையும். குவியத்தைத் தாண்டி நின்றால், விரியும் கற்றையை ஒடுக்கும், ஒளி கூடும். வரைபடத்தில் முதலில் பள்ளம், பிறகு மேடு. எண் குறையும் பொருளானால் மேடு முந்தும். தட்டை எடுத்துவிட்டு அளந்தால், ஒளி உட்கவரப்படுவது செறிவோடு எப்படி மாறுகிறது என்பதும் தெரியும்.

கோடை விடுமுறையில் ஓர் ஆய்வகத்தில் சாயநீரைக் கொண்டு நான் எடுத்த வரைபடத்தை வகுப்பில் பெருமையுடன் விளக்கினேன். மேடு முந்தியிருந்தது.

"தம்பி, லேசர் விட்டுவிட்டு வந்ததா, தொடர்ந்து வந்ததா?" என்றார் விரிவுரையாளர்.

"தொடர்ந்துதான் ஐயா."

"அப்படியானால் சாயம் சூடேறியிருக்குமே?"

விழித்தேன். சூடான நடுப்பகுதியில் திரவத்தின் ஒளிவிலகல் எண் குறையும். அதுவும் அதே மேட்டையும் பள்ளத்தையும் காட்டும். எலக்ட்ரான்களின் விளைவை மட்டும் காண வேண்டுமானால் பைக்கோ வினாடி, ஃபெம்ட்டோ வினாடித் துடிப்புகள் வேண்டும். அவையும் நெருங்கி வந்து சூடு சேர விடலாகாது.

நான் அளந்தது பொய்யன்று; ஆனால் அது சூட்டின் கணக்கு. தலைப்பை அடித்துத் திருத்தி, கட்டுரையை மறுநாள் மீண்டும் ஒப்படைத்தேன்.