ஆறில் ஒருவர், நூறில் நால்வர்

1990ஆம் ஆண்டில் ஹார்வர்டு கல்லூரியின் இளங்கலை வகுப்புக்கு ஏறத்தாழ 12,000 பேர் விண்ணப்பித்தார்கள். 2,000 பேருக்குச் சற்றுக் கூடுதலாக அழைப்பு போனது. ஆறு பேர் கேட்டால் ஒருவருக்கு இடம் என்பது அன்றைய கணக்கு. 2024இல் விண்ணப்பித்தவர்கள் 54,008 பேர். இடம் பெற்றவர்கள் 2,000க்கும் குறைவு. நூறு பேர் கேட்டால் நால்வருக்குக்கூட இல்லை என்பது அந்த ஆண்டின் கணக்கு. இந்த 34 ஆண்டுகளில் மாறாதது வகுப்பின் அளவுதான். அன்று 1,600 சொச்சம் பேர் சேர்ந்தார்கள். இன்றும் 1,600 சொச்சம் பேரே சேர்கிறார்கள்.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் மாற்றம் இதைவிடப் பெரிது. 1990களின் தொடக்கத்தில் அங்கே விண்ணப்பித்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இடம் கிடைத்தது. இப்போது நூற்றுக்கு ஐந்து பேருக்குக் கிடைத்தால் அதிகம். இதே காலத்தில் இந்தியாவில் ஐ.ஐ.டி.க்கள் ஐந்திலிருந்து 23 ஆயின; 2024இல் அவற்றின் இளநிலை இடங்கள் 17,740. போட்டி இங்கும் தணியவில்லை. ஆனால் வாசலில் கூட்டம் சேரச் சேர வீட்டையும் பெரிதாக்கினார்கள். அமெரிக்காவில் ஹார்வர்டு போன்ற தனியார் கல்லூரிகளோ வீட்டை அப்படியே வைத்துக்கொண்டன. எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினோம் என்பதே அங்கே பெருமைக்குரிய எண் ஆகிவிட்டது.

இந்த விகிதங்கள் எல்லா விண்ணப்பதாரர்களுக்கும் பொதுவானவை. வெளிநாட்டு மாணவரின் நிலை இதனினும் கடினம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. இரண்டு விகிதங்களையும் பிரித்தே வெளியிடுகிறது. மொத்தத்தில் நூற்றுக்கு நான்கு அல்லது ஐந்து பேருக்கு இடம் தரும் அந்த நிறுவனம், வெளிநாட்டவரில் நூற்றுக்கு இரண்டு பேருக்கே இடம் தருகிறது.

அன்று விண்ணப்பிப்பதே ஒரு பெருவேலை. சென்னை மாணவர் அண்ணா சாலையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் நூலகத்துக்குப் போய், தடித்த கல்லூரி வழிகாட்டிகளைப் புரட்டி, முகவரிகளைக் குறித்துக்கொள்வார். விண்ணப்பப் படிவம் கேட்டுக் கடிதம் எழுதி, அது விமானத் தபாலில் வந்து சேரும்வரை வாரக்கணக்கில் காத்திருப்பார். ஒவ்வொரு கல்லூரிக்கும் படிவம் வேறு, கட்டுரைத் தலைப்பு வேறு. கையால் எழுத வேண்டும், அல்லது தட்டச்சு செய்ய வேண்டும். கட்டணத்தை டாலரில் செலுத்த வங்கிக்கு அலைய வேண்டும். அந்நியச் செலாவணி கட்டுப்பாட்டில் இருந்த காலம் அது. ஐந்தாறு கல்லூரிகளுக்கு மேல் விண்ணப்பிக்க யாருக்கும் தெம்பு இருக்காது. ஏப்ரலில் தடித்த உறை வந்தால் இடம் உண்டு, மெல்லிய உறை வந்தால் இல்லை. பிரிக்கும் முன்பே தெரிந்துவிடும்.

இன்று அந்த அலைச்சல் இல்லை. 1975இல் 15 தனியார் கல்லூரிகள் சேர்ந்து தொடங்கிய 'காமன் அப்ளிகேஷன்' என்ற பொது விண்ணப்பத்தில் இப்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. ஒரே கணக்கு, 650 சொற்களுக்குள் ஒரே முதன்மைக் கட்டுரை, அதிகபட்சம் 20 கல்லூரிகள். கட்டணம் கட்ட இயலாதவர் விலக்குக் கேட்கலாம். ராமநாதபுரத்து மாணவி அதிராம்பட்டினத்துத் தோழியின் மடிக்கணினியின் முன் உட்கார்ந்து ஒரே மாலையில் பத்துக் கல்லூரிகளின் நிபந்தனைகளைப் படித்துவிட முடியும். முடிவும் மார்ச் இறுதியில், குறித்த நாளில், குறித்த மணியில் திரையில் தெரிந்துவிடும்.

இந்த வசதிதான் விகிதத்தைச் சுருக்கியதில் பெரும்பங்கு வகித்தது. ஐந்து கல்லூரிகளுக்கு எழுதிய மாணவர் இருபதுக்கு எழுதும்போது, இருபது பட்டியல்களிலும் அதே பெயர் எண்ணப்படுகிறது. கல்லூரிகளின் விகிதம் விழுந்த அளவுக்கு மாணவர்கள் பெருகிவிடவில்லை. ஆனாலும் வெளிநாட்டவர் தரப்பில் உண்மையான பெருக்கமும் உண்டு. 2005–06இல் அமெரிக்காவில் இளங்கலை படித்த சீன மாணவர்கள் 10,000 பேர்கூட இல்லை. 2018–19இல் அந்த எண்ணிக்கை 1,48,000ஐத் தாண்டியது. இந்தியர்கள் பெரும்பாலும் மேற்படிப்புக்குப் போகிறவர்கள். 2023–24இல் அமெரிக்காவில் இருந்த 3,31,602 இந்திய மாணவர்களில் இளங்கலை படித்தவர்கள் 36,053 பேர். பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். பட்டம் முடித்து, உதவித்தொகையோடு விமானம் ஏறுவதே நம் ஊரின் பழைய வழி. பிளஸ் டூ முடித்ததும் போவது அண்மைக் காலத்தில் அகலமான பாதை.

செலவைப் பார்ப்போம். 1990இல் ஹார்வர்டில் படிப்பு, தங்குமிடம், உணவு எல்லாம் சேர்த்து ஓர் ஆண்டுக்கு 20,000 டாலருக்குச் சற்றுக் குறைவு. டாலர் ஏறத்தாழ 17 ரூபாய் 50 காசு. ஆக மூன்றரை லட்சம் ரூபாய். அன்று மத்திய அரசுச் செயலரின் அடிப்படைச் சம்பளம் மாதம் 8,000 ரூபாய். அவர் மூன்றரை ஆண்டுக்கு மேல் உழைத்துச் சேர்த்தால் பிள்ளையின் ஓராண்டுச் செலவு தீரும். 2025–26இல் அதே செலவு 86,926 டாலர். ரூபாயில் ஏறத்தாழ 75 லட்சம். செயலரின் அடிப்படைச் சம்பளம் இப்போது மாதம் 2,25,000 ரூபாய். ஏறக்குறைய மூன்று ஆண்டுச் சம்பளம். எண்கள் இருபது மடங்குக்கு மேல் பெருத்தன. எட்டாத தூரம் ஏறக்குறைய அதே தூரமாகவே இருக்கிறது.

மாறியது நிதியுதவி. குடும்பத்தின் பணவசதியைப் பார்க்காமல் மாணவரைத் தேர்ந்தெடுத்து, பிறகு தேவைப்படும் தொகை முழுவதையும் தரும் கல்லூரிகள் சில உண்டு. வெளிநாட்டவருக்கும் அந்தச் சலுகையைத் தருபவை அன்று மிகச் சில. யேலும் பிரின்ஸ்டனும் 2000ஐ ஒட்டி அதை நீட்டித்தன. ஆம்ஹர்ஸ்ட் 2008இலும், டார்ட்மத்தும் போடினும் 2022இலும், பிரவுனும் நாட்டர்டேமும் அண்மையிலும் சேர்ந்தன. இன்று அப்படிப்பட்டவை ஏறத்தாழ பத்து. வில்லியம்ஸ் கல்லூரி இடையில் சேர்ந்து, செலவு தாங்காமல் விலகியதும் உண்டு. 2025 முதல் ஹார்வர்டில் ஆண்டு வருமானம் ஒரு லட்சம் டாலருக்குள் இருக்கும் குடும்பத்தின் பிள்ளை, பெரிய சொத்து இல்லாதவரானால், எதுவும் கட்டாமல் படிக்கலாம். தமிழ்நாட்டின் நடுத்தரக் குடும்பங்கள் அநேகமாக எல்லாமே இந்த வரம்புக்குள் அடங்கும். இடம் கிடைத்துவிட்டால் உள்ளூர்ச் சுயநிதிப் பொறியியல் கல்லூரியைவிட ஹார்வர்டு மலிவு. கிடைப்பதுதான் அரிது.

மீதமுள்ள கல்லூரிகளில் நிலைமை வேறு. அங்கே வெளிநாட்டு மாணவர் உதவி கேட்கிறாரா என்பதும் தேர்வில் ஒரு காரணி. இரண்டு கோப்புகள் சமமாக இருந்தால் முழுச் செலவையும் ஏற்பவருக்கு இடம். அன்று ஏழை மாணவருக்கு வழியே தெரியாது. இன்று வழி தெரிகிறது, அதிலுள்ள சுங்கச்சாவடியும் தெரிகிறது.

தேர்வு முறையும் நிலையாக இல்லை. அன்று எஸ்.ஏ.டி. என்ற பொதுத் தேர்வும், பாடவாரியான அச்சீவ்மென்ட் தேர்வுகளும் காகிதத்தில் பென்சிலால் எழுதப்பட்டன. பாடவாரித் தேர்வுகள் 2021இல் முடிவுக்கு வந்தன. 2023 முதல் வெளிநாடுகளில் எஸ்.ஏ.டி. முழுவதும் கணினியில். கொரோனா காலத்தில் எஸ்.ஏ.டி. மதிப்பெண் தேவையில்லை என்றார்கள்; எம்.ஐ.டி. 2022இலும், யேல், டார்ட்மத், பிரவுன், ஹார்வர்டு 2024இலும் அதை மீண்டும் கேட்கத் தொடங்கின. கலிஃபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகமோ கொடுத்தாலும் பார்ப்பதில்லை. ஒரே வீட்டில் அக்காவுக்குச் சொன்ன அறிவுரை தம்பிக்குப் பொருந்தாமல் போகிறது.

இதைவிட ஆழமான மாற்றம் கோப்பின் உள்ளே நடந்தது. நம் மாணவருக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாம். ஆனால் அது வெளிவருவது மே மாதத்தில், அமெரிக்க முடிவு வந்த பிறகு. அவர்கள் பார்ப்பது ஒன்பதாம் வகுப்பிலிருந்து தொடரும் மதிப்பெண்களை, ஆசிரியர்களின் பரிந்துரையை, பள்ளிக்கு வெளியே செய்தவற்றை. அன்று சதுரங்கம் ஆடியவர் பிடித்ததால் ஆடினார். படிவத்தில் ஒரு வரி எழுதினார். இன்று பெருநகரங்களில், எட்டாம் வகுப்பிலேயே லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் கவுன்சலர்கள் எந்தப் பொழுதுபோக்கு, எந்தத் தொண்டு, எந்த ஆய்வு என்று திட்டமிடுகிறார்கள். அரசுப் பள்ளியில் பெரும்பாலும் கவுன்சலர் இல்லை. பள்ளிக் கவுன்சலர் நிரப்ப வேண்டிய படிவத்தையும் தலைமையாசிரியர்தான் நிரப்ப வேண்டும். செய்தி எல்லோருக்கும் வந்து சேர்ந்தது. அதைப் பயன்படுத்தும் வகை சிலருக்கே வாய்த்தது.

இடம் கிடைத்தவர் போய்ச் சேர்வது அன்று அநேகமாக விசா நேர்காணலோடு முடிந்த காரியம். 2025 மே மாதம் அமெரிக்க அரசு மாணவர் விசா நேர்காணல்களுக்குப் புதிய தேதி தருவதைச் சில வாரங்கள் நிறுத்தியது; ஜூனில் தொடங்கியபோது சமூக ஊடகக் கணக்குகளைத் திறந்து காட்டச் சொன்னது. வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் உரிமையை ஹார்வர்டிடமிருந்து பறிக்கவும் முயன்றது, நீதிமன்றம் தடுத்தது. நூற்றில் நால்வராய் வென்ற பிறகும் இன்னொரு கதவு மிச்சம் இருக்கிறது.

ஆறில் ஒருவர் என்ற பழைய எண் இன்று இரக்கமுள்ளதாகத் தோன்றுகிறது. அந்த ஆறு பேரும் வாசல்வரை வர வழி தெரிந்தவர்கள், வங்கிக்கு அலைய முடிந்தவர்கள். படிவம் ஒன்று இருக்கிறது என்றே அறியாத மாணவர்கள் எந்த விகிதத்திலும் சேரவில்லை. அவர்களை யாரும் நிராகரிக்கவும் இல்லை. இன்று அவர்களின் பிள்ளைகள் விண்ணப்பிக்கிறார்கள், பெரும்பாலும் மறுக்கப்படுகிறார்கள். ஆனால் விகிதத்தின் கீழ்ப்பகுதியில் அவர்களும் எண்ணப்படுகிறார்கள். அந்த விகிதம் சுருங்கியதற்கு அவர்களின் வருகையும் ஒரு காரணம்.