பெரிய எண்ணொன்றின் இயல்புகள்: 720 720

பரீட்சை வினாவில் ஆறிலக்க எண்ணொன்றைக் கண்டதும் மாணவர் பலர் 2, 3, 5 என வரிசையாக வகுக்கத் தொடங்குவர். இதனால் நேரம் வீணாகும். இடையில் ஒரு வழு ஏற்பட்டால் விடையும் பிழையாகும். எண்ணின் அமைப்பை முதலில் அவதானித்தால் வேலை இலகுவாகும். முதன்மைக் காரணிகள் தெரிந்துவிட்டால், எண்ணின் ஏனைய பல இயல்புகளை நீண்ட வகுத்தல் இன்றியே கூறலாம். 720 720 ஐ உதாரணமாகக் கொள்வோம்.

1. முதன்மைக் காரணிகள்

இங்கு 720 இருமுறை அடுத்தடுத்து எழுதப்பட்டுள்ளது. ஆகவே,
720 720 = 720 000 + 720 = 720 × 1001
720 = 2⁴ × 3² × 5
1001 = 7 × 11 × 13
எனவே, 720 720 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13

கவனிக்க: எந்த மூவிலக்க எண்ணை இவ்வாறு இருமுறை எழுதினாலும், கிடைக்கும் எண் 7, 11, 13 ஆகிய மூன்றாலும் மீதியின்றி வகுபடும். (உ-ம்: 358 358 = 358 × 1001)

2. வகுபடும் தன்மை

45 = 3² × 5. இக்காரணிகள் யாவும் மேலே உள்ளன. எனவே 720 720 ஆனது 45 ஆல் வகுபடும்.
32 = 2⁵. ஆனால் இங்கு 2 இன் சுட்டி 4 மாத்திரமே. எனவே 32 ஆல் வகுபடாது.

1 முதல் 16 வரையுள்ள எண்களின் பொ.ம.சி. யும் இதுவே. பொ.ம.சி. காணும்போது எல்லா எண்களையும் பெருக்குதல் தவறாகும். ஒவ்வொரு முதன்மை எண்ணினதும் மிகப் பெரிய வலுவை மாத்திரம் எடுக்க வேண்டும். இங்கு 16 இலிருந்து 2⁴ உம் 9 இலிருந்து 3² உம் பெறப்படுகின்றன. 5, 7, 11, 13 ஆகியவை ஒவ்வொரு முறையே வரும்.

3. காரணிகளின் எண்ணிக்கை

ஒரு காரணியை அமைக்கையில் 2 இன் சுட்டியாக 0, 1, 2, 3, 4 என ஐந்தில் ஒன்றையும், 3 இன் சுட்டியாக 0, 1, 2 என மூன்றில் ஒன்றையும் தெரிவு செய்யலாம். ஏனைய நான்கிற்கும் இவ்விரு தெரிவுகள் உண்டு.
காரணிகளின் எண்ணிக்கை = 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240

720 720 இலும் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை. இத்தகைய எண்களைக் கணித மேதை இராமானுஜன் 1915 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் விரிவாக ஆராய்ந்தார்.

4. நிறைவர்க்கமாக்கல்

நிறைவர்க்கமொன்றில் எல்லாச் சுட்டிகளும் இரட்டை எண்களாகும். இங்கு 5, 7, 11, 13 ஆகியவற்றின் சுட்டி 1 ஆகும். எனவே பெருக்க வேண்டிய மிகச் சிறிய எண் 5 × 7 × 11 × 13 = 5005 ஆகும்.
720 720 × 5005 = (2² × 3 × 5 × 7 × 11 × 13)² = 60 060²

பயிற்சி

360 360 என்னும் எண்ணுக்கு,
(i) காரணிகளின் எண்ணிக்கையைக் காண்க.
(ii) நிறைவர்க்கமாக்குவதற்குப் பெருக்க வேண்டிய மிகச் சிறிய எண்ணைக் காண்க.

விடைகள்: (i) 192 (ii) 10 010