பாளம் வெடித்த மண்ணும் செவ்வாய்க் கிரகமும்

கோடையில் நீர் வற்றிய கண்மாயைக் கண்டிராதவர் நம் சங்கத்துக் குடும்பங்களில் மிகச் சிலரே இருப்பர். இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளிலிருந்து நம்மவர் பலர் கப்பலேறி இத்தீவுகளுக்கு வந்ததற்கே அவ்வற்றிய கண்மாய்கள்தாம் காரணம் என்றாலும் பெரும்பிழையாகாது. பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அம்மண்ணை நாம் பஞ்சத்தின் முகமாகவே கண்டு பழகியவர்கள். கரம்பை வெட்டி வண்டியில் ஏற்றி வயலுக்கு அடிப்பதைத் தவிர அதனால் வேறு பயனுண்டு என்று எண்ணியதில்லை. அதே வெடிப்புகளின் கோணங்களை அளந்து, அதைக் கொண்டு பல கோடி மைல்களுக்கு அப்பாலுள்ள செவ்வாய்க் கிரகத்தின் பழங்கதையை விஞ்ஞானிகள் படித்தறிகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு முதலில் நகைப்பே உண்டாயிற்று. விவரம் அறிந்தபின் நகைப்பு நீங்கியது.

சேற்று மண் உலரும்போது சுருங்குகிறது. மேல்மண் சுருங்க முயல்கிறது. அடிமண் அதனைப் பிடித்து நிறுத்துகிறது. இந்த இழுபறியில் மண் கிழிகிறது. முதலில் நெடிய வெடிப்பு ஒன்று ஓடும். பிறகு தோன்றும் வெடிப்பு பக்கவாட்டில் வந்து அதனைச் செங்கோணத்தில் முட்டி நின்றுவிடும். முன்பே திறந்த வெடிப்பின் ஓரத்தில், அதற்குக் குறுக்கான இழுவிசை தளர்ந்து, நெடுக்கிலுள்ள இழுவிசை மட்டுமே மிஞ்சியிருப்பதுதான் இதற்குக் காரணம். வீடு கட்டுவோர் அஞ்சுகின்ற தெருக்குத்தைப் போன்றது இச்சந்திப்பு. ஒரே முறை காய்ந்த தரையில் பெரும்பாலும் இத்தகைய தெருக்குத்துகளையே காணலாம்.

ஆனால் அதே தரை மீண்டும் நனைந்து மீண்டும் காய்ந்தால் கதை மாறுகிறது. பழைய வெடிப்புகள் மூடிக்கொண்டாலும் அவ்விடங்கள் வலுவிழந்தே இருப்பதால், அடுத்த முறை மண் ஏறத்தாழ அவ்வழியாகவே திறக்கும். திறக்குந்தோறும் சந்திப்பு சிறிது வளையும். பல தடவைகளுக்குப் பின் செங்கோணம் மறைந்து, மூன்று கிளைகளும் 120 பாகை இடைவெளியில் சமமாகப் பிரியும் கவட்டை வடிவம் வந்துவிடும். பாளங்கள் அறுகோணமாகித் தேன்கூட்டை ஒத்திருக்கும். களிமண்ணைத் தட்டில் பரப்பி, பலமுறை நனைத்தும் உலர்த்தியும் 2010ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் இதனைக் கண்ணெதிரே மெய்ப்பித்துக் காட்டினர். ஆகவே ஒரு தரை ஒருமுறை காய்ந்ததா, பலமுறை காய்ந்ததா என்பதை அத்தரையே எழுதி வைத்திருக்கிறது எனலாம்.

இனிச் செவ்வாய்க்கு வருவோம். 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவின் கியூரியாசிட்டி என்னும் ஆராய்ச்சி ஊர்தி, கேல் எனப்படும் பெருங்குழியில் இறங்கியது. சுமார் 154 கிலோமீட்டர் குறுக்களவுள்ள அக்குழி முன்னொரு காலத்தில் ஏரியாக இருந்தது. குழியின் நடுவிலுள்ள மலையின் தாழ்ந்த சரிவில் அவ்வூர்தி கண்டு, 2017இல் அறிவிக்கப்பட்ட வெடிப்புகள் தெருக்குத்து வகையின. அதாவது ஒருமுறை காய்ந்தவை. மலையில் மேலும் ஏறியபின், 2021இல், வேறொரு பாறையில் சில சென்டிமீட்டர் அகலமே உள்ள அறுகோணங்கள் தென்பட்டன. சந்திப்புகள் யாவும் கவட்டை வடிவம். வெடிப்பின் விளிம்புகளில் உப்புப் படிந்து இறுகியிருந்தது. பிரெஞ்சு விஞ்ஞானி வில்லியம் ராப்பின் தலைமையில் இதனை ஆராய்ந்தோர் தம் முடிபினை 2023 ஆகஸ்டில் வெளியிட்டனர். ஏறத்தாழ 360 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் அங்கே மண் நனைவதும் காய்வதும் மாறிமாறி நெடுங்காலம் நடந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கண்டது.

இதில் இவ்வளவு ஆவல் ஏன் என்று கேட்கலாம். நீர் வற்றும்போது அதில் கரைந்த பொருள்கள் செறிந்து ஒன்றோடொன்று பிணைகின்றன. மீண்டும் நனையும்போது கலைந்து புதிதாகச் சேருகின்றன. உயிருக்கு அடிப்படையான நீண்ட மூலக்கூறுத் தொடர்கள் இவ்வாறு தோன்றியிருக்கலாம் என்பது இரசாயன அறிஞர் பலரின் கருத்து. நம் பூமியில் அக்காலத்துத் தரையைத் தேடினால் அநேகமாகக் கிடைப்பதில்லை. பூமியின் மேலோடு பெருந்தட்டுகளாகப் பிரிந்து நகர்ந்து, ஒன்றன்கீழ் ஒன்று புதைந்து, பழைய ஏடுகளை அழித்துவிட்டது. செவ்வாயில் அத்தகைய நகர்ச்சி இல்லாமையால் அவ்வேடு அப்படியே இருக்கிறது.

அந்த ஏடழிக்கும் வேலை நடைபெறும் இடங்களுள் ஒன்று நம் காலடியிலேயே உள்ளது. இத்தீவுகளுக்கு மேற்கே கடலடியில் இந்தியத் தட்டு கிழக்கு நோக்கிப் புதைந்து செல்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் அது என்ன செய்தது என்பதை நம் வீடுகளுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அதே நெருக்கலில் பிழியப்பட்ட நீரும் மீதேன் வாயுவும் சேற்றோடு மேலே வருவதே பாராடாங்கின் சேற்று எரிமலை. பெயர்தான் எரிமலை, சேறு குளிர்ந்தே இருக்கும். 2024 வரை போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து வடக்கே சுமார் நூறு கிலோமீட்டர். ஜாரவா மக்களின் நிலத்தை ஊடுருவிச் செல்லும் வழியாதலால், வண்டிகள் அணியாகச் செல்ல வேண்டும், இடையில் நிற்கலாகாது. 2025 அக்டோபரில் அது பெருஞ்சத்தத்துடன் வெடித்துச் சேற்றைப் பரப்பிற்று.

செவ்வாயின் வடசமவெளியில், அசிடாலியா என்னும் பகுதியில், இதனைப் போன்ற மேடுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. 2010இல் வெளியான ஓர் ஆராய்ச்சி அவற்றுள் 18,000க்கு மேற்பட்டவற்றைக் கணக்கிட்டு, அவை சேற்று எரிமலைகளாக இருக்கலாம் என்றது. எனினும் உருவ ஒற்றுமையை மட்டும் நம்பிவிடலாகாது. செவ்வாயின் காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பெட்ரு ப்ரோஷ் என்னும் செக் நாட்டு அறிஞரும் தோழர்களும் அந்த அழுத்தத்தையும் குளிரையும் இங்கிலாந்தில் ஒரு கூண்டிற்குள் உண்டாக்கிச் சேற்றை ஓடவிட்டனர். மேலே உறைந்து ஓடு கட்ட, உள்ளே கொதித்துக்கொண்டே, ஓட்டைப் பிளந்து வழிந்தது அச்சேறு. எரிமலைக் குழம்பு போலவே ஓடியது என்று 2020இல் எழுதினார்கள். ஆதலின் குழம்பு என்று தோன்றுவது சேறாகவும், சேறு என்று தோன்றுவது குழம்பாகவும் இருக்கக்கூடும். பாராடாங்கைக் கண்டவர் செவ்வாயைக் கண்டவராகிவிட மாட்டார்; சோதித்தே சொல்ல வேண்டும்.

தனிகாரி அணையில் நீர் தாழ்ந்து, குழாயில் முறை வைத்து விடும் கோடை நாள்களில், "இங்கே குடிக்க நீரில்லை, செவ்வாயில் நீரைத் தேடுகிறார்களாம்" என்று அண்டை வீட்டார் சலித்துக்கொள்வது காதில் விழுகிறது. அதற்கு மறுமொழி கூற எனக்கு வாய் வரவில்லை. குடத்துடன் காத்து நிற்பவரிடம் கோணக் கணக்குப் பேசுவது முறையன்று. எனினும் அவ்வணையின் ஓரத்தில் வெடித்த மண்ணை இப்பொழுதெல்லாம் குனிந்து பாராமல் நான் வருவதில்லை.

சித்திரை வைகாசியில் ஊருக்குச் செல்லும் அன்பர்கள் பிள்ளைகளைக் கண்மாய்க்கு அழைத்துச் செல்லட்டும். நடுப்பள்ளம் ஆண்டில் ஒருமுறை காய்வது. கரையோரமோ ஒவ்வொரு மழைக்கும் நனைந்து காய்வது. இரண்டிடத்திலும் தெருக்குத்து எத்தனை, கவட்டை எத்தனை என்று எண்ணச் சொல்லலாம். மாடு மிதித்த இடத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். அங்கே எந்தக் கோணமும் மிஞ்சியிராது.