பாறையில் ஒரு தாய், மீன் சந்தையில் பல தாய்மார்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரைச் சிந்தனை)



ஞாயிறு வாசகங்களில் நாம் கேட்டிராத ஒரு தாய் விவிலியத்தில் இருக்கிறார். அவர் பெயர் ரிஸ்பா. சாமுவேல் இரண்டாம் நூலின் 21ஆம் அதிகாரத்தில் அவரைச் சந்திக்கிறோம். தாவீதின் ஆட்சியில் மூன்று ஆண்டுகள் பஞ்சம். முன்னாள் அரசர் சவுல் கிபயோனியர்மீது சிந்திய இரத்தமே அதற்குக் காரணம் என்று தெரியவருகிறது. பழைய கணக்கைத் தீர்க்க, சவுலின் குடும்பத்து ஆண்கள் ஏழு பேரைக் கிபயோனியர் கேட்கிறார்கள். தாவீது கொடுத்துவிடுகிறார். எழுவரும் மலையில் கொல்லப்படுகிறார்கள். அவர்களில் இருவர் ரிஸ்பாவின் பிள்ளைகள்.

அந்தத் தாய் சாக்குத்துணியைப் பாறையில் விரித்து உட்கார்ந்துகொள்கிறார். அறுவடைத் தொடக்கத்திலிருந்து மழை பெய்யும்வரை அங்கேயே இருக்கிறார். பகலில் பறவைகளும் இரவில் விலங்குகளும் அந்த உடல்களை நெருங்காதபடி காக்கிறார். தம் பிள்ளைகள் இருவரை மட்டுமல்ல, மற்ற ஐவரையும் சேர்த்தே காக்கிறார். செய்தி அரசனின் காதுக்கு எட்டுகிறது. தாவீது மனம் மாறி, எலும்புகளைச் சேகரித்து முறைப்படி அடக்கம் செய்கிறார். அதன் பிறகே நாட்டுக்கான மன்றாட்டைக் கடவுள் கேட்டார் என்று நூல் சொல்கிறது. இந்த வரிசையைக் கவனியுங்கள். ஏழு உயிர்களைப் பலியாக்கியதும் நாடு நலம் பெற்றதாக நூல் சொல்லவில்லை. ஒரு தாயின் காவலை அரசன் மதித்த பிறகே அப்படிச் சொல்கிறது.

இது மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய கதைதானே என்று தோன்றலாம். 2003ஆம் ஆண்டில் மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியா நாட்டில் ஆயிரக்கணக்கான பெண்கள் ரிஸ்பாவைப் போலவே உட்கார்ந்தார்கள்.

1989 டிசம்பரில் சார்லஸ் டெய்லர் என்பவரின் படை லைபீரியாவுக்குள் நுழைந்தது. அன்று தொடங்கிய உள்நாட்டுப் போர், இடையில் சில ஆண்டுகள் ஓய்ந்தாலும், 2003வரை நாட்டை உலுக்கியது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1990 ஜூலையில் தலைநகர் மன்ரோவியாவில், லூத்தரன் ஆலயம் ஒன்றில் தஞ்சம் புகுந்திருந்த நூற்றுக்கணக்கானோர் ஆலயத்துக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள். 1992இல் ஐந்து கத்தோலிக்க அருள்சகோதரிகள் கொல்லப்பட்டார்கள். இவை எல்லாவற்றிலும் கொடியது குழந்தைகளுக்கு நேர்ந்தது. எல்லாத் தரப்பினரும் சிறுவர்களைப் பிடித்துச் சென்று, போதைப்பொருள் கொடுத்து, கையில் துப்பாக்கியைத் திணித்தார்கள். கொல்லப்பட்ட பிள்ளைக்காக ஒரு தாய் அழுதாள். கொலை செய்யப் பழக்கப்பட்ட பிள்ளைக்காக இன்னொரு தாய் அழுதாள்.

இந்தச் சிறுவர்களுக்கு மனநல ஆலோசனை வழங்கும் பணியில் இருந்தவர் லெய்மா போவீ. லூத்தரன் சபையைச் சேர்ந்தவர், நான்கு குழந்தைகளின் தாய். திருச்சபைப் பெண்களை அமைதிக்காகச் செபிக்கக் கூட்ட வேண்டும் என்ற குரலை ஓர் இரவு கனவில் கேட்டதாக அவர் பின்னாளில் சொன்னார். சில பெண்கள் கூடிச் செபிக்கத் தொடங்கினார்கள். ஒருநாள் அந்தக் கூட்டத்துக்கு வந்த முஸ்லிம் பெண்மணி ஒருவர், எங்கள் பெண்களையும் கூட்டிவருகிறேன் என்றார். இரு மதத்துப் பெண்கள் ஒரே இடத்தில் உட்காரலாமா என்று இரு பக்கத்திலும் தயக்கம் எழுந்தது. துப்பாக்கிக் குண்டு மதம் பார்த்துப் பாய்வதில்லை என்ற எளிய உண்மை அந்தத் தயக்கத்தைக் கரைத்தது.

அவர்கள் வேலை செய்த விதம் நம் பங்கு அன்பியங்களுக்கும் பாடம். வெள்ளிக்கிழமை மசூதி வாசல், சனிக்கிழமை சந்தை, ஞாயிற்றுக்கிழமை ஆலயம் என்று வாரந்தோறும் போய்ப் பெண்களிடம் பேசினார்கள். நேயர்களே, வானொலிக்கும் இதில் பங்கு உண்டு. மன்ரோவியாவின் கத்தோலிக்க வானொலி நிலையமான ரேடியோ வெரித்தாஸ் அவர்களுடைய அழைப்பை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது. உண்மையைச் சொன்னதற்காக 2000ஆம் ஆண்டில் டெய்லரின் அரசு சில காலம் மூடிவைத்த நிலையம் அது.

2003 ஏப்ரலில் அவர்கள் மீன் சந்தையை ஒட்டிய திடலில் வந்து அமர்ந்தார்கள். நாட்டுத் தலைவரான டெய்லரின் வாகன வரிசை நாள்தோறும் போகும் சாலை அது. எல்லாரும் வெள்ளைச் சட்டையும் வெள்ளைத் தலைத்துணியும் அணிந்தார்கள். நகை இல்லை, அலங்காரம் இல்லை. யார் கிறிஸ்தவர், யார் முஸ்லிம், யார் வசதியுள்ளவர், யார் சந்தை வியாபாரி என்று பார்த்துச் சொல்ல முடியாது. வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தார்கள். பாடினார்கள், செபித்தார்கள். கேட்டவை மூன்று: உடனடிப் போர் நிறுத்தம், பேச்சுவார்த்தை, பன்னாட்டு அமைதிப்படை. யார் ஆள வேண்டும் என்று அவர்கள் சொல்லவே இல்லை. எந்தத் தரப்பும் அவர்களை எதிரியின் ஆட்கள் என்று ஒதுக்க முடியாமல் போனதற்கு இதுவே காரணம். ஏப்ரல் 23 அன்று டெய்லர் அவர்களைச் சந்தித்தார். பேச்சுவார்த்தைக்குச் சம்மதித்தார். கிளர்ச்சிப் படைத் தலைவர்களையும் அந்தப் பெண்களே சந்தித்து வற்புறுத்தினார்கள்.

ஜூன் 4 அன்று கானா நாட்டின் அக்ராவில் பேச்சுவார்த்தை தொடங்கியது. வாரங்கள் கடந்தன. பிரதிநிதிகள் நல்ல விடுதிகளில் தங்கி, யாருக்கு எந்தப் பதவி என்று பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மன்ரோவியாவிலோ குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. ஜூலையில் பெண்களின் பொறுமை எல்லை கடந்தது. பேச்சுவார்த்தை நடந்த மண்டபத்தின் வாசலில் கைகோத்து அமர்ந்தார்கள். உடன்பாடு வராமல் யாரும் வெளியே போக முடியாது என்றார்கள்.

லெய்மாவைக் கைது செய்யக் காவலர்கள் வந்தபோது, அவர் தம் ஆடையைக் களையத் தொடங்கினார். இதைப் புரிந்துகொள்ள அந்த மண்ணின் நம்பிக்கை தெரிய வேண்டும். ஒரு தாய் மனம் நொந்து பொதுவில் தன் ஆடையைக் களைந்தால், அது அவளுக்கு இழிவு அல்ல. அந்த நிலைக்கு அவளைத் தள்ளியவர்கள்மேல் விழும் சாபம். காவலர்கள் பின்வாங்கினார்கள். பேச்சுவார்த்தையை நடத்திய நைஜீரியாவின் முன்னாள் தலைவர் அப்துல்சலாமி அபுபக்கர் பெண்களிடம் வந்து பேசினார். அதன் பிறகு பேச்சின் போக்கு மாறியது. ஆகஸ்ட் 11 அன்று டெய்லர் பதவி விலகினார். ஆகஸ்ட் 18 அன்று அமைதி உடன்பாடு கையெழுத்தானது. பெண்கள் மட்டுமே இதைச் சாதித்தார்கள் என்று சொல்வது சரியாகாது. பன்னாட்டு நெருக்கடியும் இருந்தது, டெய்லர்மீது நீதிமன்றக் குற்றச்சாட்டும் இருந்தது. ஆனால் மண்டபத்தில் இருந்தவர்கள் மறந்துபோன குழந்தைகளை அவர்கள் கண்முன் நிறுத்தியவர்கள் இந்தத் தாய்மாரே.

கையெழுத்தானதும் அவர்கள் வீடு திரும்பி ஓய்வெடுக்கவில்லை. அடுத்து நடந்த ஆயுத ஒப்படைப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயர் பதிந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 11,000 பேர் சிறுவர் சிறுமியர். ஊரார் அஞ்சிய அந்தப் பிள்ளைகளை மீண்டும் தம் மத்தியில் ஏற்க வேண்டியவர்களும் இதே தாய்மார்தாம். தன் மகனைக் கொன்றவன் ஒரு சிறுவனாக எதிரில் நிற்கும்போது, அவனையும் யாரோ பெற்ற பிள்ளை என்று பார்ப்பது உடன்பாட்டில் கையெழுத்திடுவதைவிடக் கடினம். 2005 தேர்தலில் எலன் ஜான்சன் சர்லீஃப் வென்று, ஆப்பிரிக்காவில் தேர்தல்வழி நாட்டுத் தலைவரான முதல் பெண்மணி ஆனார். 2011இல் அவருக்கும் லெய்மாவுக்கும் ஏமன் நாட்டின் தவக்குல் கர்மானுக்கும் அமைதிக்கான நொபெல் விருது வழங்கப்பட்டது.

காத்திருக்கும் எல்லாத் தாய்மாருக்கும் இப்படிப் பதில் கிடைத்துவிடுவதில்லை. இலங்கையில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 முதல் சாலையோரம் அமர்ந்து, காணாமல்போன தங்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்ட தாய்மாரை நாம் அறிவோம். பதில் கேட்காமலேயே கண்மூடியவர்கள் அவர்களில் உண்டு. மழை வரும்வரை ரிஸ்பா பாறையில் இருந்தார். மழை எப்போது வரும் என்று அவருக்கும் தெரியாது.

அன்பார்ந்தவர்களே, லைபீரியத் தாய்மாரிடம் படையோ பணமோ இல்லை. பக்கத்தில் உட்கார இன்னொரு தாய் இருந்தார், அவ்வளவுதான். நம் தெருவில் சண்டை மூளும்போது, சாதியின் பெயரால் பிள்ளைகள் கையில் அரிவாள் ஏறும்போது, என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கதவைச் சாத்திக்கொள்கிறோமா? அல்லது எதிர்வீட்டுத் தாயிடம் போய், நம் இருவர் பிள்ளைகளையும் காப்போம் வா என்று அழைக்கிறோமா? இந்த வாரம் செபமாலை சொல்லும்போது ஒரு பத்து மணியைப் போர் நடக்கும் நாடுகளின் குழந்தைகளுக்காக ஒப்புக்கொடுப்போம். செபித்து எழுந்ததும், நாம் பேசாமல் விட்டிருக்கும் ஒரு வீட்டின் கதவைத் தட்டுவோம்.

சிலுவையடியில் நின்ற அன்னையே, பிள்ளைகளை இழந்த தாய்மாரோடு நில்லும். பிள்ளைகளைக் காக்கும் துணிவை எங்களுக்குப் பெற்றுத் தாரும். ஆமென்.