மலையேறும் காற்றும் மாணவரின் கணக்கும்

மும்பையிலிருந்து புணே செல்லும் பழைய நெடுஞ்சாலை போர்காட் கணவாய் வழியே மேலேறி, லோணாவளாவைக் கடந்து நிக்டியை அடைகிறது. லோணாவளாவில் ஆண்டுதோறும் சராசரியாக 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. நிக்டிக்கு அப்பாலுள்ள புணே நகரிலோ அது 700 மில்லிமீட்டரைச் சற்றே மிஞ்சும். தென்மேற்குப் பருவக்காற்று ஒன்றே; மழையில் மட்டும் இத்துணை வேறுபாடு ஏன்? வெப்ப இயக்கவியலின் தொடக்கப் பாடங்களே இதற்கு விடை தருகின்றன.

கடற்கரையில் 28 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையும் 1,000 மில்லிபார் அழுத்தமும் உடைய ஒரு கிலோகிராம் காற்று, மலைச்சரிவில் 400 மீட்டர் உயர்வதாகக் கொள்வோம். மேகம் உருவாகும் வரையில், உயரும் காற்று நூறு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி குளிரும். எனவே 400 மீட்டரில் அதன் வெப்பநிலை 3.9 டிகிரி குறையும். அழுத்தம் 955 மில்லிபார் ஆகும்.

இங்கேதான் மாணவர் வழுக்கி விழுகின்றனர். 'காற்று குளிர்ந்தது, ஆதலின் வெப்பத்தை இழந்தது' என எண்ணி, தன்வெப்பத்தையும் வெப்பநிலை வேறுபாட்டையும் பெருக்கி, அதனையே வெளியேறிய வெப்பம் என எழுதிவிடுகின்றனர். உண்மையில் வெளியேறிய வெப்பம் பூஜ்யமே. மேலே அழுத்தம் குறைவாதலால் காற்று விரிகிறது. விரிவதற்கு அது வேலை செய்ய வேண்டும். அவ்வேலைக்குரிய சுமார் 2,800 ஜூல் ஆற்றலைத் தன் அக ஆற்றலிலிருந்தே அது செலவிடுகிறது. குளிர்தல் வேறு, வெப்பம் இழத்தல் வேறு.

என்ட்ரோபி கணக்கும் இதனை உறுதிப்படுத்தும். முதலில் வெப்பநிலைகளைக் கெல்வின் அளவில் எழுதுக: 301, 297.1. வெப்பநிலை குறைந்ததால் என்ட்ரோபி கெல்வினுக்கு 13.1 ஜூல் குறைகிறது. அழுத்தம் குறைந்ததால் அதே 13.1 ஜூல் கூடுகிறது. நிகர மாற்றம் இல்லை. வெப்பநிலையை மட்டும் கண்டு என்ட்ரோபி குறைந்தது எனக் கூறுவோர் பாதிக் கணக்கையே செய்தவராவர்.

காற்று மேலும் உயர்ந்து பூரித நிலை அடைந்ததும் நீராவி குளிர்ந்து நீர்த்துளியாகிறது. ஒரு கிராம் நீராவி சுருங்கும்போது சுமார் 2,500 ஜூல் உள்ளுறை வெப்பம் வெளிப்படும். ஒரு கிலோகிராம் காற்றை 2.5 டிகிரி சூடாக்க அது போதும். ஆதலால் மேகத்தினுள் உயரும் காற்று மெதுவாகவே குளிரும். நீரோ மலைமுகட்டில் மழையாய் உதிர்ந்துவிடுகிறது. முகட்டைக் கடந்து கீழிறங்கும் காற்று அமுக்கப்பட்டுச் சூடேறுகிறது, மேகம் கரைகிறது. நிக்டியும் புணேயும் மழை மறைவுப் பகுதியானமைக்கு இதுவே முதன்மையான காரணம்.

இது வகுப்பறையோடு முடியும் செய்தியன்று. பலூன்கள் மேலே சென்று அளந்து அனுப்பும் விவரங்களை வானிலை ஆய்வாளர் டெஃபிகிராம் என்னும் வரைபடத்தில் குறிப்பர். அதன் ஓர் அச்சு வெப்பநிலை, மற்றோர் அச்சு என்ட்ரோபி. உயரும் காற்று தன்னைச் சூழ்ந்த காற்றினும் வெப்பமாயிருப்பின் மேலும் எழும்பும்; இடிமழைக்கு வாய்ப்பு உண்டு. கணக்கில் நேரும் பிழை, முன்னறிவிப்பில் நேரும் பிழையாகும்.

ஆகவே, எந்தக் கணக்கையும் தொடங்குமுன் மாணவர் மூன்று வினாக்களை எழுப்பப் பழகுதல் நன்று: நாம் கருதும் பொருள் எது? அதன் எல்லையைக் கடந்து வெப்பம் சென்றதா? வேலை செய்தது யார்? இவற்றிற்கு விடை கண்டபின் சூத்திரத்தை நாடினால் போதும். குற்றாலத்து ஆசிரியரும் பொள்ளாச்சிக் களப்பணியாளரும் தத்தம் மலையைக் கொண்டே இக்கணக்கைக் கற்பிக்கலாம்.