தொண்டை அடைப்பானுக்கு நரம்பு ஊசி

மழைக்காலம் தொடங்கியதும் தொண்டை அடைப்பான் தலைகாட்டும். பாக்டீரியாவால் வரும் இந்நோய் மாட்டைவிட எருமையைக் கடுமையாகத் தாக்கும். காய்ச்சல் 106 டிகிரி வரை ஏறும், எச்சில் ஒழுகும், தொண்டை வீங்கி மூச்சு 'கர் கர்' என்று இழுக்கும். வீக்கம் கண்ட மாடு பெரும்பாலும் ஒரு நாள் தாங்காது.

சதையில் போடும் மருந்து இரத்தத்தில் கலக்க நேரம் பிடிக்கும். அதனால்தான் கால்நடை மருத்துவர் ஆக்சிடெட்ராசைக்ளின் மருந்தைக் கழுத்து இரத்தக் குழாயிலேயே செலுத்துகிறார். கிராமத்தில் இதையே நரம்பு ஊசி என்பர். காய்ச்சல் கண்ட உடனே போட்டால் மாடு பிழைக்க வழியுண்டு. மூச்சுத் திணறியபின் போடுவது பெரும்பாலும் வீண்.

மருந்தை மிக மெதுவாக ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் இரத்த அழுத்தம் சட்டென இறங்கி, மாடு நின்ற இடத்திலேயே விழுந்துவிடும். ஊசி குழாயை விட்டு விலகினால் கழுத்து வீங்கிப் புண்ணாகும். கடையில் புட்டி வாங்கி, தெரிந்தவரை விட்டுப் போடச் சொல்வது கூடவே கூடாது. தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்து நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியை அழைக்கலாம்.

மாடு சினையாக இருந்தால் முன்னதாகவே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஊசிக்குப் பின் அவர் குறிப்பிடும் நாள் வரை பாலைக் கறந்து கொட்டிவிட வேண்டும். மனம் வராதுதான், ஆயினும் மருந்து கலந்த பாலைச் சொசைட்டிக்கு ஊற்றலாகாது. தடுப்பூசியை ஆண்டுதோறும் மழைக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.